மனைவி பிரெஞ்சுக் குடிமகள், வேலை டப்ளினில், நான் இந்தியன்: எனக்கு எப்படிக் குடியிருப்பு அனுமதி கிடைக்கும்?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் கடலூர்க்காரர், இந்தியப் பாஸ்போர்ட். மனைவி புதுச்சேரிக் குடும்பம், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. மனைவிக்கு டப்ளினில் வேலை கிடைத்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் இவரிடம், "நீங்கள் மொழித் தேர்வு எழுத வேண்டும், மனைவிக்கு இவ்வளவு சம்பளம் இருந்தே ஆக வேண்டும், அவர் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் நீங்கள் போக முடியும்" என்று சொல்லி இரண்டு லட்சம் கேட்டிருக்கிறார். அது உண்மையா, அங்கே நான் வேலை பார்க்கலாமா, பின்னால் அம்மாவை அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

தம்பி, அந்த மூன்றும் தவறு. பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நானும் இதே வழியில் வந்தவன். நான் மதுரை; என் மனைவி யாழ்ப்பாணக் குடும்பம், நெதர்லாந்தில் வளர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர். நாங்கள் குடியேறியது மூன்றாவது ஒரு நாட்டில். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலருக்கு இந்த விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நல்லபடி முடிந்ததையும் பார்த்திருக்கிறேன், சின்னப் பிழையால் மாதக்கணக்கில் இழுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியரைக் கல்யாணம் செய்தவர் எல்லாருக்கும் ஒரே சட்டம் கிடையாது. உங்கள் மனைவி எந்த நாட்டுக் குடிமகள் என்பதைவிட, அவர் தன் நாட்டுக்கு வெளியே வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வாழப்போகிறாரா என்பதுதான் பெரிய விஷயம். அவர் பாரிஸில் வேலைக்குப் போய், நீங்களும் அங்கே போனால் உங்களுக்குப் பொருந்துவது பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டம். அவர் டப்ளினுக்குப் போவதால் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றியச் சட்டம், அதாவது 2004ஆம் ஆண்டின் 2004/38 டைரக்டிவ் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றிய ஆணை). அயர்லாந்து அதைத் தன் 2015 விதிகளின் மூலம் நடைமுறைப்படுத்துகிறது. பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா தரும் ஷெங்கனில் அயர்லாந்து இல்லை என்பதை வைத்துக் குழம்ப வேண்டாம். அது விசா ஏற்பாடு, இது குடிபெயர்வு உரிமை. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, அது போதும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். ஜெர்மானியரைக் கட்டிக்கொண்டு இங்கிருந்து போகிறவர் பொதுவாக ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதித்தான் விசா வாங்க வேண்டும். அதற்காகச் சென்னையில் வகுப்புக்குப் போகும் பெண்களை எனக்கே தெரியும். அதே ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு அந்தத் தேர்வு இல்லை. டென்மார்க்கில் சொந்தக் குடிமக்களின் வெளிநாட்டுத் துணைக்கு, இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது, பல தம்பதிகள் பாலத்தைக் கடந்து ஸ்வீடனின் மால்மோவில் குடியேறினார்கள். சொந்த நாட்டைவிடப் பக்கத்து நாட்டில் அவர்களுக்கு உரிமை அதிகம். ஏஜென்ட் சொன்ன மொழித் தேர்வு இப்படி ஏதோ ஒரு நாட்டின் உள்நாட்டு விதியிலிருந்து வந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

இந்தச் சட்டத்தின் வளர்ச்சியில் ஒரு இந்தியரின் பெயரே நிலைத்துவிட்டது. சுரிந்தர் சிங் என்பவர் பிரிட்டிஷ் குடிமகளை மணந்தவர். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுப் பிரிட்டன் திரும்பினார்கள். வேறு நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பும் குடிமகளோடு அவருடைய கணவரும் ஒன்றியச் சட்டத்தின்படியே வரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. நாளைக்கு உங்கள் மனைவி டப்ளினிலிருந்து பிரான்சுக்கு மாற நினைத்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கும் உதவும். ஆனால் அயர்லாந்தில் மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே குடியிருந்திருக்க வேண்டும். வார இறுதியில் போய்வந்ததெல்லாம் கணக்கில் வராது என்று 2014இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கதையிலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கிறது. புதுச்சேரி 1954இல் இந்தியாவோடு இணைந்தாலும், ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அன்றிலிருந்து ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடும்பங்கள் பலவற்றில் யாரோ ஒரு தாத்தா அந்த ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த காகிதம்தான் பேத்தி வரைக்கும் வந்து நிற்கிறது. அந்தக் குடும்பத்து ஆவணங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது சம்பளம். உங்கள் மனைவி அங்கே வேலை பார்ப்பவர் என்ற தகுதியில் இருந்தால் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும், பெயரளவுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் வாரத்துக்குப் பன்னிரண்டு பாடவேளை மட்டும் இசை கற்றுக்கொடுத்த ஒரு ஜெர்மானியர், வருமானம் போதாமல் அரசு உதவியும் வாங்கியவர், அவரும் வேலை பார்ப்பவர்தான் என்று 1986இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. போதிய பணம், முழு மருத்துவக் காப்பீடு என்ற நிபந்தனைகள் வேலை பார்க்காமல் சொந்தப் பணத்தில் வாழ்பவருக்கும் மாணவருக்கும்தான். முழுநேர வேலையில் சேரப்போகும் உங்கள் மனைவிக்கு அந்தக் கவலையே இல்லை.

ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். சட்டத்தின் வாசகமே "உடன் செல்பவர் அல்லது பின்னால் வந்து சேர்பவர்" என்பதுதான். சேர்ந்தே போகலாம். முதல் மூன்று மாதத்துக்கு உங்கள் மனைவிக்குத் தேவை செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ மட்டும்; உங்களுக்குத் தேவை பாஸ்போர்ட், இந்தியர் என்பதால் நுழைவு விசா. அந்த விசாவுக்கு அரசு கட்டணம் இல்லை, விரைந்து முடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் டைரக்டிவ் சொல்கிறது. விண்ணப்பிக்கும்போது சுற்றுலா விசா என்று தவறிக்கூடப் போட்டுவிடாதீர்கள். ஒன்றியக் குடிமகளின் குடும்ப உறுப்பினர் என்ற பிரிவில் போடுங்கள், கவரிங் லெட்டரின் முதல் வரியிலேயே 2004/38 என்ற எண்ணை எழுதுங்கள். படிப்பவர் உங்களை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்பது அந்த வரியில் முடிவாகிவிடும்.

சட்டம் அப்படி இருந்தாலும் என் யோசனை வேறு. மனைவி ஆறு வாரம், எட்டு வாரம் முன்னால் போகட்டும். டப்ளினில் வீடு கிடைப்பது பெரும்பாடு. அவர் போய் வேலையில் சேர்ந்து, பி.பி.எஸ். எண் (வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் அங்கே தேவைப்படும் தனிநபர் எண்) வாங்கி, வாடகை ஒப்பந்தம் போட்டு, இரண்டு பே-ஸ்லிப் கையில் வந்துவிட்டால் உங்கள் விசா விண்ணப்பமும் பலமாகிறது, அதற்கடுத்த விண்ணப்பத்துக்கும் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அந்த அடுத்த விண்ணப்பம்தான் ரெசிடென்ஸ் கார்டு. அயர்லாந்தில் அதற்கான விண்ணப்பத்தின் பெயர் ஈயூ1. மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகிறீர்கள் என்பதால் போட்டே ஆக வேண்டும். போய் இறங்கியதும் போடுங்கள். போட்டவுடன் விண்ணப்பித்ததற்கான சான்று தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோப்பு முழுமையாக இருந்தால் முடிவு வரும்வரை ஸ்டாம்ப் 4 என்ற, வேலை பார்க்க இடம் தரும் குடியிருப்பு அனுமதியைத் தற்காலிகமாகக் கொடுப்பார்கள், அதை வைத்து வேலைக்குச் சேரலாம். வேலை அனுமதிப் பத்திரம் தனியாக வாங்கத் தேவையில்லை. முடிவு சாதகமாக வந்ததும் ஸ்டாம்ப் 4 ஈயூஃபாம் என்ற அட்டை வரும், பொதுவாக ஐந்து வருஷத்துக்கு.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அந்த அட்டை உங்களுக்கு உரிமையைக் கொடுப்பதில்லை. உரிமை கல்யாணத்திலிருந்தும் உங்கள் மனைவி அங்கே வேலை பார்ப்பதிலிருந்தும் ஏற்கெனவே பிறந்துவிட்டது. அட்டை அதற்கு ஒரு சான்று. இதைப் புரிந்துகொண்டால் கோப்பை எப்படி அடுக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். நம் ஆட்கள் தங்கள் டிகிரி, அனுபவச் சான்று, வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் என்று கட்டுக்கட்டாக வைக்கிறார்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. உங்களைப் பற்றித் தேவைப்படுவது பாஸ்போர்ட்டும் கல்யாணச் சான்றும்தான். மீதியெல்லாம் மனைவியைப் பற்றியது: அவருடைய பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், முதலாளியின் கடிதம், பே-ஸ்லிப், வீட்டு முகவரிக்கு இருவர் பெயரிலும் வரும் கடிதங்கள். அயர்லாந்தில் ஒன்றியக் குடிமக்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இல்லாததால், அவர் அங்கேதான் இருக்கிறார், வேலை பார்க்கிறார் என்பதை இந்தக் காகிதங்கள்தான் பேச வேண்டும்.

கல்யாணச் சான்று என்றால் கோயில் ரசீதோ மண்டபப் புகைப்படமோ அல்ல, ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்று. அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்டுவதற்கு ஆவணம் உண்மையானது என்ற சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பதிவேட்டில் உங்கள் கல்யாணத்தை ஏற்றுவது வேறு வேலை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வழியாகச் செய்வது. கல்யாணத்துக்கு முன்பே அங்கே, மணமுடிக்கச் சட்டத் தடை இல்லை என்ற தகுதிச் சான்று வாங்கியிருந்தால் எளிது, வாங்காமல் விட்டிருந்தால் நாளாகும். ஐரிஷ் விண்ணப்பம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அதையும் இன்றே தொடங்கிவிடுங்கள். நாளைக்குக் குழந்தையின் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கும், நீங்கள் கல்யாணத்தின் வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பதற்கும் அந்தப் பதிவு வேண்டும். அந்தக் குடியுரிமைக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருக்க வேண்டும், பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பிரான்சுக்கு வெளியே வாழும்போது, மனைவி வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் தன் பெயரைப் பதிந்து வைத்திருக்காவிட்டால் அது ஐந்து வருஷமாகிவிடும். டப்ளின் போன வாரத்திலேயே தூதரகத்தில் பதியச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் நான் அடிபட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டையும் கல்யாணச் சான்றையும் பக்கம் பக்கமாக வைத்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுதாக இருந்தது, என் பெயர் அடுத்து. கல்யாணச் சான்றில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர். அவர் பேனா முனையை அந்தப் புள்ளியின் மேல் வைத்து, "இந்த எழுத்து யார்?" என்று கேட்டார். அப்பா என்றேன். "அப்படியானால் இவருடைய குடும்பப் பெயர் எது?" என்று அடுத்த கேள்வி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கணினியில் அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. கோப்பு திரும்பி வந்தது. மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதமும் என் மனைவி ஒருத்தியே வாடகையைச் சுமந்தாள்.

ஆகவே இன்று ராத்திரியே மேசையில் எல்லாவற்றையும் பரப்பிப் பாருங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, மனைவியின் பிரெஞ்சு ஆவணங்கள். உங்கள் பெயரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் விரித்தும் இருந்தால், "இவை அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கும்" என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் போட்டு, தமிழ்ப் பெயர் முறையை நாலு வரியில் விளக்கி ஒரு கடிதமும் சேர்த்து வையுங்கள். உங்கள் மனைவியின் பெயரையும் பாருங்கள். பிரெஞ்சுக் காகிதத்தில் ஒரு எழுத்துக்கூட்டும் இந்தியக் கல்யாணச் சான்றில் இன்னொன்றும் இருப்பது புதுச்சேரிக் குடும்பங்களில் சகஜம். முடிந்தால் கல்யாணச் சான்றையே திருத்தி வாங்குவது நல்லது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு பயம் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம், நிச்சயத்துக்கு முன் இரண்டு தடவைதான் பேசினோம், இதைப் போலிக் கல்யாணம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது. அனுமதிக்காகவே செய்துகொண்ட போலிக் கல்யாணத்தை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, விசாரணைக்குக் கூப்பிடவும் கூப்பிடலாம். ஆனால் பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணத்தைப் போலி என்று எண்ணிவிடக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையமே 2014இல் அதிகாரிகளுக்கு எழுதிய கையேட்டில் விளக்கியிருக்கிறது. கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். யார் வரன் கொண்டுவந்தது, எந்தக் கோயிலில் பெண் பார்த்தது, யார் சமைத்தது என்பதெல்லாம் உங்கள் இருவருக்கும் தெரியும். காதல் கல்யாணம் என்று ஜோடித்துச் சொன்னால்தான் இருவர் பதிலும் முரண்படும். அப்படிச் செய்த ஒரு தம்பதி, உண்மையில் ஒரு குறையும் இல்லாதவர்கள், இரண்டாவது விசாரணைக்குப் போய் நின்றார்கள்.

மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், மறுபரிசீலனைக்கு வழி இருக்க வேண்டும். கடிதத்தில் போட்டிருக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள். ஒன்றியச் சட்டத்தை அதிகாரிகள் தவறாகப் பயன்படுத்தினால் சால்விட் என்ற அமைப்பு இலவசமாகத் தலையிடும். ஒவ்வொரு ஒன்றிய நாட்டிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. அயர்லாந்தே ஒரு காலத்தில், வேறு ஒன்றிய நாட்டில் சட்டப்படி வாழ்ந்துவிட்டு வந்தால்தான் துணைக்கு அட்டை என்று விதி வைத்திருந்தது. 2008 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் மெட்டாக் வழக்கில் அது செல்லாது என்று ஆனது. இன்றைக்கு நீங்கள் கடலூரிலிருந்து நேரே போக முடிவது அந்தத் தீர்ப்பினால்தான்.

அட்டை வந்தபின் சில விஷயங்கள். மனைவியோடு பாரிஸோ ரோமோ போகத் தனி ஷெங்கன் விசா தேவையில்லை, ஒன்றியக் குடிமகளின் குடும்ப உறுப்பினர் என்ற வாசகம் அட்டையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கல்யாணச் சான்றின் நகல் கையில் இருக்கட்டும், விமான நிலையக் கவுண்டரில் எல்லாருக்கும் இந்த விதி தெரிந்திருக்காது. ஆனால் டப்ளினிலிருந்து பஸ் ஏறி பெல்ஃபாஸ்ட் போய்விடாதீர்கள். அது பிரிட்டன், எல்லையில் யாரும் நிறுத்தாவிட்டாலும் உங்களுக்கு பிரிட்டன் விசா வேண்டும்.

ஐந்து வருஷம் தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர அனுமதி, பத்து வருஷ அட்டை. அந்த ஐந்து வருஷத்தில் வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பிரசவம், கடும் நோய் போன்ற காரணத்துக்கு ஒரு தடவை மட்டும் பன்னிரண்டு மாதம் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டு, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கிய பெண்கள் இருக்கிறார்கள். மனைவிக்கு வேலை போனால் பதற வேண்டாம். தானாக விடாமல் வேலை போய், வேலை தேடுபவராகப் பதிந்துகொண்டால் அவருடைய தகுதி உடனே போகாது. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் இன்னும் பலம்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் இருப்பது ஆபத்து. விவாகரத்து என்று வந்தால், வழக்குத் தொடங்கும் முன் கல்யாணம் மூன்று வருஷம் நீடித்து, அதில் ஒரு வருஷமாவது அயர்லாந்தில் வாழ்ந்திருந்தால் உங்கள் அனுமதி நிற்கும், வேலையோ போதிய வருமானமோ இருக்க வேண்டும். ஆனால் ஒன்றியக் குடிமகளான மனைவி முதலில் நாட்டைவிட்டுப் போய்விட்டு, அப்புறம் வழக்குத் தொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குல்தீப் சிங் என்ற இந்தியரின் வழக்கு, அயர்லாந்திலிருந்தே ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது, 2015இல் அப்படித்தான் முடிந்தது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு இல்லாமலே தனிப் பாதுகாப்பு உண்டு. "கார்டு போய்விடும்" என்று பயந்து அடி வாங்கிக்கொண்டு இருக்கும் பெண் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்.

அம்மா. உங்கள் அம்மாவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார், மனைவியின் பெற்றோருக்கு இருக்கும் அதே இடம் உங்கள் பெற்றோருக்கும் உண்டு. நிபந்தனை, அவர் உங்கள் இருவரை நம்பி வாழ்பவராக இருக்க வேண்டும், அதுவும் கடலூரில் இருக்கும்போதே. இதை வார்த்தையால் நிரூபிக்க முடியாது. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது, அண்ணன் கணக்கில் போட்டு அம்மாவுக்கு எடுத்துத் தரச் சொல்வது எல்லாம் நாளைக்குக் காகிதத்தில் இருக்காது. அம்மா பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் மனைவியின் முதல் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் அந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். மருந்துச் சீட்டு, மளிகைக் கடைப் பில், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள்.